ஆம்னி ஹெட்டை இறக்கியாச்சு: உள்ளே எதைக் கழுவலாம், எதைத் தொடக்கூடாது?

சென்னிமலை_ஆம்னி | ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கமுங்க. 2008 மாடல் மாருதி ஆம்னி வேன், 796 சிசி, மூணு சிலிண்டர், பெட்ரோல். போர்வை பண்டல் ஏத்திக்கிட்டு ஈரோட்டுச் சந்தைக்குப் போற வண்டி. போன வாரம் ஊட்டுக்கு வந்த ஒறம்பறையைக் கூட்டிக்கிட்டு பண்ணாரி போனோம். சாமி கும்பிட்டுட்டு அப்படியே திம்பம் ஏறினோம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. பத்தொம்பதாவது வளைவுல ஊசி சிவப்பைத் தொட்டுருச்சு. ஓரம் கட்ட எடமில்லைன்னு இன்னும் ரெண்டு வளைவு ஏத்தினது என் தப்பு.

ஆற வெச்சு, தண்ணி ஊத்தி, மெதுவா இறக்கிக்கிட்டு வந்துட்டோம். அதுக்கப்பறம் காத்தால ஸ்டார்ட் பண்ணினா வெள்ளைப் பொகை. ரேடியேட்டர் மூடியைத் தொறந்து வெச்சு ஓட்டினா கொப்புளம் கொப்புளமா வருது. தெனமும் ஒரு லிட்டர் தண்ணி காணாமப் போகுது. ஆயில் குச்சியில பார்த்தா ஆயில் நல்லாத்தான் இருக்கு, மோர் மாதிரி ஆகலை.

நேத்து நானும் பெரியப்பா பையனும் சேர்ந்து ஹெட்டை (இன்ஜின் பிளாக்குக்கு மேல மூடியிருக்கற பாகம்) இறக்கிட்டோம். ஒண்ணாவது, ரெண்டாவது பிஸ்டன் தலை கன்னங்கரேல்னு கரி பிடிச்சுக் கிடக்குது. மூணாவது மட்டும் கழுவி விட்டாப்பல பளிச்சுன்னு இருக்குது. ஹெட்டு, பிளாக் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒக்கார்ற மொகத்துலயும் பழைய கேஸ்கெட் (நடுவுல கசியாம இருக்க வெக்கற தகடு) ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. எமரி ஷீட் போட்டுத் தேய்க்கலாமா? சாயப்பட்டறையில வேலை பார்க்கற சிநேகிதன் காஸ்டிக் சோடா தர்றேன்கிறான், அதுல ஹெட்டை ஊறப்போட்டா கரியெல்லாம் போயிரும்கிறான். புது கேஸ்கெட் வாங்கி வெச்சாச்சு. செவ்வாய்க்கெழமை சந்தைக்கு வண்டி வேணும்.

கணபதி_லேத்து | ஞாயிறு, இரவு 9.32

தம்பி, மொதல்ல காஸ்டிக்கைத் தூரத் தள்ளி வையுங்க. உங்க ஹெட்டு அலுமினியம். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னுரும். நுரை பொங்கும், ஹைட்ரஜன் கெளம்பும், பக்கத்துல பீடி பத்த வெச்சா தீப்பிடிக்கும். ஒரு ராத்திரி ஊறினா மொகம் சொரசொரன்னு குழி விழுந்து ஹெட்டு பழைய இரும்புக் கடைக்குத்தான் போகணும். வார்ப்பிரும்பு பிளாக்கை, அதுவும் எல்லாத்தையும் கழட்டுன வெறும் பிளாக்கை, காஸ்டிக் தொட்டியில போடறது எங்க வேலையில உண்டு. அதைப் பார்த்துட்டு உங்க சிநேகிதர் சொல்லியிருப்பாரு. பாத்ரூம் கழுவற ஆசிட்டும் அலுமினியத்துக்கு ஆகாது.

அடுத்த விஷயம்: மூணாவது பிஸ்டன் பளிச்சுன்னு இருக்கறதுதான் உங்க கேள்விக்கெல்லாம் பதில். தண்ணி அந்த சிலிண்டருக்குள்ள போயி ஆவியாகி ஆவியாகிக் கரியைக் கழுவியிருக்குது. பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறிஞ்சறாதீங்க. மூணாவது வளையத்துக்கிட்ட எந்தப் பக்கம் கருத்திருக்குது, எந்தத் தண்ணித் தொளைக்கு வழி விட்டிருக்குதுன்னு வெளிச்சத்துல பாருங்க. விரிசல் தேட வேண்டிய எடத்தை அதுதான் காட்டும்.

செவ்வாய்க்கெழமையை மறந்துருங்க.

பல்லடம்_பழைய_கை | ஞாயிறு, இரவு 10.05

நாப்பது வருஷமா ஹெட்டு இறக்கி ஏத்தறேன் கண்ணு. பிரீமியர் பத்மினி, அம்பாசடர், மாருதி 800, எல்லாம் பார்த்தாச்சு. எமரி ஷீட்டுல நாலு இழுப்பு இழுத்து, மண்ணெண்ணெயில கழுவி, கேஸ்கெட்டுல ரெண்டு பக்கமும் சில்வர் பெயிண்ட் அடிச்சுப் போட்டா கம்முன்னு ஓடும். இத்தனை பயம் எதுக்கு? ஆளுங்க காசு பிடுங்கறதுக்கு ஃபேசிங் பண்ணு (மொகத்தை மிஷின்ல சமமாக் கடையறது), டெஸ்ட் பண்ணும்பாங்க.

ஒண்ணு மட்டும் கேளு சாமி. பிஸ்டன் தலையில கரி எடுக்கறப்ப ஓரத்துல சுத்தியும் ஒரு கோடு மாதிரி கரியை விட்டுரு. பழைய இன்ஜினுக்கு அதுதான் ஆயில் மேல ஏறாமத் தடுக்கும். மொத்தமா வழிச்சு எடுத்தா நாளைக்கே நீலப்பொகை வரும்.

பொள்ளாச்சி_பேரிங் | ஞாயிறு, இரவு 10.48

பல்லடம் அண்ணா மேல மரியாதை வெச்சுத்தான் சொல்றேனுங்க, எமரி விஷயத்துல எனக்குப் பட்ட காயம் இருக்குது. என் சொந்தக் காருக்கு ஒரு எடத்துல கேஸ்கெட் மாத்தினாங்க. காத்து மிஷின்ல மாட்டற சொரசொரப்பு வட்டு வெச்சு பிளாக் மொகத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கிட்டாங்க. பார்க்க அத்தனை அழகு. 800 கிலோமீட்டர்ல அடியில கட்டகட்டன்னு சத்தம். சம்ப்பை (அடியில இருக்கற ஆயில் தொட்டி) இறக்கிப் பார்த்தா பேரிங் ஷெல்லுல செம்பு தெரியுது, கிராங்க்குல அந்த ஷெல்லு ஒக்கார்ற ஜர்னல்ல கோடு கோடா விழுந்து கிடக்குது. கேஸ்கெட் செலவை மாதிரி அஞ்சு மடங்கு செலவு.

ஏன்னு அப்பறம்தான் புரிஞ்சுது. அந்த வட்டுல, எமரியில இருக்கற துகள் அலுமினியம் ஆக்சைடு. இரும்பை அறுக்கற கடினம். ஆயில் தொளை வழியா, பிஸ்டன் இடுக்கு வழியா உள்ள எறங்குச்சுன்னா பேரிங்கோட மெத்துன்னு இருக்கற உலோகத்துல போய்ப் பதிஞ்சுக்கும். அங்கிருந்தே கிராங்கைத் தேய்க்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இந்த வட்டைக் கேஸ்கெட் மொகத்துல போடாதீங்கன்னு தன்னோட சர்வீஸ் ஆளுங்களுக்கே எழுத்துல எச்சரிக்கை கொடுத்திருக்குது. ஒருத்தர் ரெண்டு பேருக்கு நடந்ததா இருந்தா அப்படிக் கொடுத்திருக்க மாட்டாங்க.

பல்லடம்_பழைய_கை | ஞாயிறு, இரவு 11.02

மிஷின் வட்டு வேற, கையில எமரி இழுக்கறது வேற.

பொள்ளாச்சி_பேரிங் | ஞாயிறு, இரவு 11.09

அளவுதான் வேறங்கண்ணா, துகள் ஒண்ணேதான்.

கணபதி_லேத்து | திங்கள், காலை 6.20

ராத்திரி தூங்கிட்டேன். மொகம் சுத்தம் பண்ற விதத்தைச் சொல்லிர்றேன். வேலையில முக்காவாசி இதுதான்.

தேய்க்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூடுங்க. பிளாக்குல இருக்கற ஆயில் தொளை, தண்ணித் தொளை, போல்ட் தொளை எல்லாத்துலயும் துணி அடைச்சிருங்க. நூல் வேஸ்ட் வேண்டாம், இழை பிரிஞ்சு ஆயில் வழியில போய் ஒக்காந்துக்கும். நம்ம ஊர்ல திருப்பூர் பனியன் துணிக்குப் பஞ்சமில்லை, நல்லாக் கெட்டியான துண்டா எடுத்துக்குங்க. எத்தனை துண்டு அடைச்சீங்கன்னு சுவத்துல எழுதி வெச்சு, எடுக்கறப்ப எண்ணுங்க. ஒண்ணு உள்ளயே இருந்து ஹெட்டை மூடுனவங்க இருக்காங்க.

சுத்தம் பண்ற பிஸ்டனை மேல கொண்டு வாங்க. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவத்துக்கும் நடுவுல சுத்தியும் கிரீஸை விரலால அப்புங்க. விழற கரியெல்லாம் கிரீஸ்ல ஒட்டிக்கும். முடிஞ்சதும் மேல இருக்கறதை வழிச்செடுத்துட்டு, பிஸ்டனைக் கொஞ்சம் கீழ இறக்குனா சுவத்துல ஒரு கருப்பு வளையம் ஒட்டி நிக்கும். அதையும் துடைச்சு எடுத்துருங்க. கிராங்கைத் திருப்பறப்ப துணி எதுவும் மாட்டியிருக்கான்னு பார்த்துட்டுத் திருப்புங்க.

பிளாக் இரும்பு. அதுல பிளேடைப் படுக்க வெச்சுச் சுரண்டலாம். ஹெட்டுல இரும்பே படக்கூடாது. மூங்கில் சிம்பு, மரச் சட்டம், கெட்டி பிளாஸ்டிக், இதுல ஏதாவது ஒண்ணு போதும். வராத எடத்துல தின்னரை நனைச்சு கால் மணி நேரம் விட்டுட்டு மறுபடி சுரண்டுங்க. அலுமினியத்துல நகத்துக்குத் தட்டற ஒரு கீறல், தண்ணித் தொளையில இருந்து சிலிண்டர் ஓரம் வரைக்கும் இருந்தாப் போதும், புது கேஸ்கெட்டும் நிக்காது. மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் மொதல் கழுவலுக்கு. அது எண்ணெய்ப் பசையை விட்டுட்டுப் போகும். மாட்டறதுக்கு முன்னாடி கடைசித் துடைப்பு தின்னர்லதான். பெட்ரோலை இதுக்குத் தொடாதீங்க, ஊட்டுக்குள்ள வேலை செய்யறவங்க முக்கியமா.

போல்ட் தொளையை மறந்துராதீங்க. அடியில எண்ணெயோ தண்ணியோ தேங்கி நின்னா, போல்ட் எறங்கறப்ப அது போக வழியில்லாம பிளாக்கையே பொளந்துரும். இல்லைன்னா போல்ட் முட்டி நின்னு, டார்க் ரெஞ்சு (இறுக்கற அளவைக் காட்டற ஸ்பேனர்) கிளிக் சொல்லும், ஆனா ஹெட்டு இறுகியிருக்காது. காத்தடிச்சுக் காய வையுங்க. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுட்டு அடிங்க.

மெக்கானிக்கல்_மூணாவது_வருஷம் | திங்கள், காலை 7.45

ஒரு சின்ன விளக்கம் சேர்க்கிறேன். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹெட் விரியப் பார்க்கிறது, கீழே இரும்பு பிளாக்கும் போல்ட்டும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. வழக்கமான சூட்டில் கேஸ்கெட் இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். ஓவர்ஹீட் ஆனால் ஹெட் நடுவில் வளைந்து, ஆறிய பிறகும் அந்த வளைவு போகாது. அதனால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், வளைந்த பலகைமேல் கண்ணாடி வைத்தது போலத்தான். நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை அளந்து பாருங்கள் அண்ணா.

கணபதி_லேத்து | திங்கள், காலை 8.01

தம்பி சொன்னது சரி. நேர்ச்சட்டம்னா ஸ்கூல் ஸ்கேல் இல்லை, கிரைண்டிங் பண்ணுன சட்டம். உங்க ஹெட்டுக்கு 0.05 மி.மீ. வரைக்கும்தான் விடலாம். பிளாக்கையும் அதே மாதிரி அளங்க, அதை ஆரும் பார்க்கறதில்லை.

திருச்செங்கோடு_ரிக்கு | திங்கள், மதியம் 1.15

எல்லாரும் கேஸ்கெட்டையே பேசறீங்க. அது ஏன் போச்சுன்னு ஆரும் கேக்கலியே. தம்பி, ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்தறீங்க?

சென்னிமலை_ஆம்னி | திங்கள், மாலை 6.40

போர் தண்ணிதானுங்க. ஊட்டுத் தொட்டியில வர்றது.

திருச்செங்கோடு_ரிக்கு | திங்கள், மாலை 7.05

அதான். போர் போடறதுதான் என் தொழில். ஆயிரம் அடி தாண்டினாத்தான் ஈரம் பார்க்கற காடு எத்தனையோ. அந்தத் தண்ணி பாறைக்குள்ள கெடந்து சுண்ணாம்பையும் உப்பையும் கரைச்சுக்கிட்டு மேல வருது. உங்க ஊட்டுல வெந்நீர் போடற பானையோட அடியைப் பாருங்க. வெள்ளையா ஓடு கட்டியிருக்குமே, அதே ஓடு இன்ஜின் தண்ணிப் பாதையிலயும் கட்டும். ஓடு கட்டுனா சூடு தண்ணிக்கு எறங்காது. ரேடியேட்டர்ல தண்ணி நெறைய இருந்தாலும் இரும்பு தனியா வெந்துக்கிட்டு இருக்கும். ஹெட்டு தொறந்திருக்கறப்பவே மூணாவது சிலிண்டரைச் சுத்தி இருக்கற தண்ணித் தொளையில டார்ச் அடிச்சுப் பாருங்க. பம்ப்புக்குத் தூரமான சிலிண்டர் அது. எங்க கம்ப்ரசர் இன்ஜின்லயும் கடைசி சிலிண்டர்தான் மொதல்ல சீக்காகும்.

சென்னிமலை_ஆம்னி | திங்கள், இரவு 10.30

அண்ணா, நீங்க சொன்னது அச்சு அசலா அப்படியே இருக்குதுங்க. ஒண்ணாவது சிலிண்டரைச் சுத்தி வெல்டிங் ராடு விட்டா அடி வரைக்கும் போகுது. மூணாவதுல பாதிக்கு மேல எறங்கலை. செம்மண்ணு மாதிரி துருவும் வெள்ளைச் சுண்ணாம்புமா கெட்டியா அடைச்சுக் கிடக்குது. பக்கவாட்டுல இருக்கற கோர் பிளக்கை (தண்ணிப் பாதையை அடைக்கற தகட்டு மூடி) தட்டி எடுத்தேன், உள்பக்கம் துரு தின்னு காகிதம் மாதிரி ஆயிருச்சு. ராடால குத்திக் குத்தி, தோட்டத்து ஹோஸ்ல தண்ணி அடிச்சு, காத்தடிச்சு, மூணு மணி நேரம் ஆச்சு. ஒரு சட்டி நெறைய மண்ணு. போட்டோ போட்டிருக்கேன்.

இன்னொண்ணு. தெர்மோஸ்டாட் (சூடு ஏறுனதும் ரேடியேட்டருக்குத் தண்ணி வழி தொறக்கற வால்வு) எடத்துல தெர்மோஸ்டாட்டே இல்லை. வெறும் கூடுதான் இருக்குது. முன்னாடி வண்டி வெச்சிருந்தவரு காலத்துல ஆரோ கழட்டி வீசியிருக்காங்க.

நாமக்கல்_பத்துசக்கரம் | திங்கள், இரவு 11.20

தெர்மோஸ்டாட்டை எடுத்தா இன்ஜின் குளுந்து ஓடும்னு ஒரு நெனப்பு நம்ம பக்கம் எல்லாப் பட்டறையிலயும் இருக்குது. அது தப்பு. ஏன் தப்புன்னு கேட்டா, தண்ணி இன்ஜின்லயும் நின்னு சூடு வாங்காது, ரேடியேட்டர்லயும் நின்னு ஆறாதுன்னு சொல்லுவாங்க. அது சரியான காரணமில்லை. காரணம் வேற. பல இன்ஜின்ல தெர்மோஸ்டாட் தொறக்கறப்பதான் பைபாஸ் வழி (ரேடியேட்டருக்குப் போகாம தண்ணி இன்ஜினுக்கே திரும்பற வழி) மூடும். அதை எடுத்துட்டா சூட்டுத் தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம உள்ளயே சுத்தும். சமதளத்துல தெரியாது, மேட்டுல தெரியும். புதுசு வாங்குனா அப்படியே மாட்டாதீங்க. நூல்ல கட்டி வெந்நீர்ல தொங்க விட்டு, அதுமேல அடிச்சிருக்கற டிகிரியில தொறக்குதான்னு பார்த்துட்டு மாட்டுங்க.

இதைப் படிக்கற லாரிக்காரங்களுக்கும் டிராக்டர்காரங்களுக்கும் ஒண்ணு: உங்க இன்ஜின் வெட் லைனரா (தண்ணிக்குள்ள நிக்கற, தனியாக் கழட்டற சிலிண்டர் குழாய்) இருந்தா, ஹெட்டு இல்லாம கிராங்கைத் திருப்பாதீங்க. பிஸ்டன் லைனரைத் தூக்கிரும், அடி ரப்பர் வளையம் பிசகிரும், தண்ணி நேரா சம்ப்புக்குப் போகும். பட்டை வெச்சு லைனரை அமுக்கிப் பிடிச்சுட்டுத்தான் திருப்பணும். மூடறதுக்கு முன்னாடி லைனர் பிளாக்கைவிட எத்தனை ஒசந்து நிக்குதுன்னு டயல் வெச்சுப் பார்க்கணும். ஆம்னிக்கு இந்த வெசனம் இல்லை, சிலிண்டர் பிளாக்குலயே கடைஞ்சது.

சென்னிமலை_ஆம்னி | புதன், இரவு 8.15

ரெண்டு நாளா எழுத முடியலைங்க. சந்தைக்கு மாமா வண்டியில போயிட்டு வந்தேன்.

ஈரோட்டுல ஒரு லேத்துப் பட்டறையில ஹெட்டைக் கொடுத்தேன். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல 0.12 மி.மீ. வளைஞ்சிருக்குது. எல்லாத் தொளையும் அடைச்சு, காத்து விட்டு, வெந்நீர்த் தொட்டியில முக்கிப் பார்த்தாங்க. கொப்புளம் இல்லை. வால்வு சீட்டுக்கு நடுவுல செவப்புச் சாயம் தடவித் துடைச்சு, வெள்ளைப் பவுடர் அடிச்சுப் பார்த்தாங்க, கோடு எதுவும் எழும்பலை. ஃபேசிங் பண்ணித் தந்துட்டாங்க. பிளாக்கை நானே அளந்தேன், எங்கயும் 0.03க்கு மேல போகலை.

சிலிண்டர் சுவத்துல கம்பெனியில போட்ட குறுக்குக் கோடு இன்னும் தெரியுது. மேல பிஸ்டன் ரிங்கு நிக்கற எடத்துல நகத்தை வெச்சு இழுத்தா லேசாத் தட்டுது. போர் கேஜ் வாங்கிட்டு வந்து அளந்ததுல மேலுக்கும் கீழுக்கும் 0.04 வித்தியாசம். மூணாவது சிலிண்டர்ல ஒரு எடத்துல மட்டும் துருக் கறை இருக்குது, தண்ணி நின்ன எடம் போல. இது பெரிய கோளாறா? பிஸ்டனைக் கழட்டணுமா?

கணபதி_லேத்து | புதன், இரவு 8.50

0.04க்கு ரீபோர் (சிலிண்டரைப் பெருசாக் கடையறது) தேவையில்லை. துருக் கறையை ஆயில் நனைச்ச துணியில அழுத்தித் தேயுங்க. கறை போயி நகத்துக்குத் தட்டாம இருந்தா விட்டுரலாம். குழியாத் தட்டுனா ரிங்கை அறுக்கும், அப்பக் கழட்டித்தான் ஆகணும்.

ஆயிலை இறக்கிட்டீங்களா? இறக்கறப்ப மொதல்ல என்ன வந்துச்சு?

சென்னிமலை_ஆம்னி | புதன், இரவு 9.05

குச்சியில நல்லா இருந்ததால இன்னும் இறக்கலைங்க.

கணபதி_லேத்து | புதன், இரவு 9.11

இப்பவே இறக்குங்க. தண்ணி ஆயிலைவிடக் கனம், நின்ன வண்டியில அடியில போய்த் தங்கிரும். குச்சி மேலாக இருக்கறதை மட்டும்தான் காட்டும்.

சென்னிமலை_ஆம்னி | புதன், இரவு 10.02

இறக்குனேன். மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி வந்துச்சுங்க. அப்பறம்தான் ஆயில்.

பொள்ளாச்சி_பேரிங் | புதன், இரவு 10.20

அப்படின்னா சம்ப்பை இறக்குங்க, தயவு பண்ணி. இன்னும் ஒரு பொழுது வேலைதான். மூணாவது கனெக்டிங் ராடு கேப்பைக் கழட்டி ஷெல்லைப் பாருங்க. சாம்பல் நெறத்துல வழவழன்னு ஒரே மாதிரி இருந்தா நல்லது. கருத்தோ, குழி விழுந்தோ, செம்பு தெரிஞ்சோ இருந்தா மூணு செட்டும் மாத்துங்க. கழட்டறதுக்கு முன்னாடி கேப்புல எந்தப் பக்கம் எதுன்னு குறி வெச்சுக்குங்க, திருப்பி மாட்டுனா முடிஞ்சுது. ஆயில் பம்ப்போட வலையையும் கழுவுங்க, அங்கதான் எல்லாக் குப்பையும் வந்து சேரும்.

பல்லடம்_பழைய_கை | வியாழன், காலை 5.50

கண்ணு, நானும் எல்லாத்தையும் படிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். குச்சியை மட்டும் பார்த்துட்டு நானும் எத்தனையோ வண்டிக்கு மூடியிருக்கேன். அதுல சிலது திரும்பி வந்துச்சு, ஏன்னு அப்பத் தெரியலை. எமரியை இனி பிளாக்குமேல வெக்கலை.

ஆனா கரிக்கோடு விஷயத்துல நான் சொன்னதுதான். 2008 வண்டி, ரிங்கு மாத்தலை. ஓரத்துக் கரியை விட்டுரு. வால்வை மட்டும் கழட்டி, நம்பர் போட்டு வெச்சு, பேஸ்ட் வெச்சு லேப்பிங் பண்ணிரு (வால்வையும் அது ஒக்கார்ற சீட்டையும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுப் பொருத்தறது). முடிஞ்சதும் சோப்புத் தண்ணியில பேஸ்ட் பொட்டு இல்லாமக் கழுவு. திருப்பி மாட்டி, போர்ட்டுல மண்ணெண்ணெய் ஊத்தி வெச்சு வால்வு ஓரம் கசியுதான்னு பாரு. வால்வு சீல் புதுசு போடு, வெலை ரொம்பக் கம்மி.

கணபதி_லேத்து | வியாழன், காலை 7.10

கரிக்கோடு விஷயத்துல எனக்கு வேற அபிப்பிராயம் உண்டுங்க. அந்த ஓரத்துக் கரி பிற்பாடு உதிர்ந்து வால்வு சீட்டுல மாட்டுனதைப் பார்த்திருக்கேன். ஆனா ரிங்கு மாத்தாத இன்ஜினுக்கு விட்டாலும் தப்பில்லை. சில்வர் பெயிண்ட் மட்டும் வேண்டாம். புது கேஸ்கெட்டுல தேவையான பூச்சு கம்பெனியிலயே போட்டு வருது, மொகம் காய்ஞ்சு சுத்தமா இருந்தாப் போதும். போல்ட்டை நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, மூணு தடவையா இறுக்குங்க. டார்க் அளவை மேனுவலைப் பார்த்துப் போடுங்க, ஆரு சொன்னாலும் வாய்க்கணக்கை நம்பாதீங்க, நான் சொன்னாலும்.

சென்னிமலை_ஆம்னி | அடுத்த ஞாயிறு, மாலை 5.30

மூணாவது ஷெல்லு கருத்திருந்துச்சுங்க. செம்பு தெரியலை, ஆனா பொடிப்பொடியாக் குழி. மூணு ராடுக்கும் புதுசு போட்டேன். ஜர்னல்ல நகம் தட்டலை. பம்ப் வலையில கரியும், ஏதோ பழைய சீலண்ட் துண்டுகளும் இருந்துச்சு, கை விரல் நகம் அளவுக்கு. தெர்மோஸ்டாட் புதுசு, கோர் பிளக் எல்லாம் புதுசு. ரேடியேட்டரைப் பட்டறையில கொடுத்து ராடு விட்டு வாங்கிட்டேன். ஃபேன் சுவிச்சும் மாத்தியாச்சு, பழசைத் தண்ணியில கொதிக்க வெச்சுப் பார்த்தேன், ஆன் ஆகவே இல்லை. அதுதான் திம்பத்துல ஃபேன் ஓடாததுக்குக் காரணம். வண்டியில இருந்து எறங்கி ஒருக்கா காது கொடுத்துக் கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

துணித் துண்டு பதினாலு அடைச்சேன், பதினாலும் எண்ணி எடுத்தேன். பல்லடம் ஐயா சொன்ன மாதிரி ஓரத்துக் கரியை விட்டுட்டேன். கூலண்ட்டும் டிஸ்டில் வாட்டரும் பாதிக்குப் பாதி. வெள்ளிக்கெழமை ஸ்டார்ட் பண்ணி அரை மணி ஓட்டி, அந்த ஆயிலையும் ஃபில்ட்டரையும் உடனே மாத்திட்டேன்.

திருச்செங்கோடு_ரிக்கு | ஞாயிறு, மாலை 6.15

மேடு ஏத்திப் பார்த்தீங்களா?

சென்னிமலை_ஆம்னி | ஞாயிறு, மாலை 6.40

இன்னைக்கு வெள்ளென ஆறு பேரோட சென்னிமலை மலைப்பாதை ஏறி முருகனைக் கும்பிட்டுட்டு வந்தோமுங்க. ஊசி பாதியைத் தாண்டலை. மேல போய் நிறுத்தினதும் ஃபேன் தானா ஓடுச்சு, ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுச்சு. ஆறுன பொறவு மூடியைத் தொறந்து பார்த்தேன், தண்ணி வெச்ச எடத்துலயே இருக்குது. நாளைக்குச் சாயங்காலம் லோடோட ஈரோடு. திம்பத்துக்கு 500 கிலோமீட்டர் ஓட்டி, வால்வு இடைவெளியை ஒருக்கா பார்த்துட்டுப் போறேன்.